பேட்டரி செத்துவிட்டதா?



தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரமும், வீட்டில் அலமாரி மாட்டத் துளைபோடும் டிரில்லும் இப்போது மின்கம்பி இல்லாமலே ஓடுகின்றன. அவற்றை ஓட்டுவது, அடியில் மாட்டும் பேட்டரி. ஒரு நாள் டிரில் சுழலாவிட்டால், "பேட்டரி செத்துவிட்டது" என்று சொல்லிக் கடைக்குப் புறப்படுகிறோம். புதிய பேட்டரியோ பல நாள் கூலியை விழுங்கிவிடும். ஆகவே, அது மெய்யாகவே செத்துவிட்டதா என்று கண்டறியும் வழியை இன்று பார்ப்போம்.

பரவலாக உள்ள 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் கலங்கள் ஐந்து வரிசையாக இணைந்திருக்கின்றன. பெரிய பேட்டரியில் அவை இரண்டிரண்டாகப் பத்து இருக்கும். ஐந்து பேர் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றும்போது ஒருவர் தளர்ந்தால் வேலை முழுதும் நின்றுவிடுகிறது அல்லவா? இங்கும் அப்படித்தான்.

சோதனையை வெளியிலிருந்து தொடங்குங்கள். சார்ஜரில் விளக்கே எரியவில்லையா? அதே பிளக்கில் வேறு ஒரு பொருளைச் செருகிப் பாருங்கள். மின்சாரம் வராததுதான் காரணமாக இருக்கலாம்.

அடுத்து, பேட்டரியைக் கழற்றி அதன் உலோகத் தகடுகளைப் பாருங்கள். புல்தூளும் மண்ணும் படிந்திருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கம்பியோ கத்தியோ கொண்டு சுரண்டவும் கூடாது.

மூன்றாவதாக, பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். வெயிலில் வேலை செய்து சுடச்சுட வந்த பேட்டரியைப் பல சார்ஜர்கள் ஏற்பதில்லை. அது பழுதல்ல, பாதுகாப்பு. நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டு மாட்டுங்கள். விளக்கு மின்னுவதன் பொருள் பெரும்பாலும் சார்ஜரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

நான்காவதாக, அதே வகைப் பேட்டரி பக்கத்து வீட்டில் இருந்தால் ஒரு முறை கேட்டு வாங்கி மாட்டிப் பாருங்கள். அது ஏறினால் உங்கள் சார்ஜர் நன்றாக இருக்கிறது. குறை உங்கள் பேட்டரியில்தான். முழுதும் ஏறிய 18 வோல்ட் பேட்டரி, மீட்டரில் 20 முதல் 21 வோல்ட் வரை காட்டும். அப்படிக் காட்டியும் சிறிது நேரத்திலேயே அடங்கிவிட்டால் கலங்கள் மூப்படைந்துவிட்டன என்று கொள்ளலாம்.

அந்த மூப்பை விரைவாக வரவழைப்பது வெப்பம். தகரக் கொட்டகையிலும், வெயிலில் நிற்கும் காரிலும் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். முற்றிலும் தீரும்வரை ஓட்டிவிட்டு மாதக்கணக்கில் அப்படியே போட்டுவைப்பதும் கெடுதல். கலத்தின் அழுத்தம் மிகவும் தாழ்ந்துவிட்டால் சார்ஜர் அதை ஏற்க மறுக்கும். நெடுநாள் வேலை இல்லையென்றால் பாதியளவு ஏற்றி, கருவியிலிருந்து கழற்றிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். முழுதும் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன யோசனை. லித்தியத்திற்கு அது பொருந்தாது.

தாய்மார்களே, இனிச் சொல்வதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வீங்கிய பேட்டரி, கீழே விழுந்து விரிசல் கண்ட பேட்டரி, சும்மா இருக்கும்போதே சுடுகின்ற பேட்டரி, இவற்றைச் சார்ஜரில் மாட்டவே கூடாது. சார்ஜர் மறுத்த பேட்டரிக்கு இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து உயிர் கொடுக்கச் சிலர் முயல்வார்கள். அதைத் தடுங்கள். உள்ளே குறுக்கிணைப்பு ஏற்பட்டுத் தீப்பற்றக்கூடும். நல்ல பேட்டரியைக்கூட மெத்தைமேலோ, வெளியேறும் கதவருகிலோ வைத்து ஏற்றாதீர்கள். சிமெண்டுத் தரையில், வீட்டார் விழித்திருக்கும் வேளையில் ஏற்றுங்கள். புகை கிளம்பினால் பேட்டரியைக் கையில் எடுக்க முயலாமல், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறி 999-ஐ அழையுங்கள்.

பயன் முடிந்த பேட்டரியைக் குப்பையில் எறியவோ, குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவோ வேண்டாம். தகடுகளின் மேல் டேப் ஒட்டி, மின்னியல் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

பிளக், தகடு, சூடு, சார்ஜர் ஆகிய நான்கையும் பார்த்த பிறகே கடைக்குச் செல்லுங்கள். வீங்கியதை மட்டும் ஒரு நாள்கூட வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள்.