கல்லுக்கு ஒரு எண்

பெருங்களத்தூரில் பீச் போகும் மின்சார ரயிலில் ஏறினால் நான்காவது நிறுத்தம் பல்லாவரம். அங்கே 1863 மே 30 அன்று, ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதர் செதுக்கிய கருவி. இந்தியாவில் அப்படி அடையாளம் காணப்பட்டவற்றில் முதலாவது என்பதால் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது.

எனக்கென்னவோ, அதைவிட அவர் போட்ட பட்டியல்தான் பெரிய வேலையாகத் தெரிகிறது. பல பத்தாண்டுகள் அலைந்து சேர்த்த கற்கருவிகளையும் பானையோடுகளையும் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், விலைக்குத்தான். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, என்ன பொருள், எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதினார். ஊர்ப்பெயர் தொலைந்துபோனால் கோடரியும் வெறும் கல்தானே! கீழடி அகழாய்வில் இன்று குழி எண்ணோடு ஆழத்தையும் குறிக்கிறார்கள். பொதுவாக, ஆழத்தில் கிடைப்பது காலத்தால் முந்தியது. அளவு விடுபட்டால் மண்ணடுக்கு சொல்லும் வரிசையே குழம்பிவிடும்.

ஃபூட் 1912-இல் காலமானார். பட்டியல் அச்சேறியது 1914-இல். அந்தச் சேகரிப்பு எழும்பூரில் உள்ள அதே அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், விடுமுறை.