கடைசி வரிக்கு மேலே பாருங்கள்



ஒரு கணினிக்குள் மென்பொருளைக் கொண்டே இன்னொரு கணினியை உருவாக்கி ஓடவிடலாம். அதைத்தான் மெய்நிகர் கணினி என்கிறோம். அதற்கு ஹார்ட் டிஸ்க்காக இருப்பது பெரும்பாலும் ஒரு பெரிய கோப்புதான். கோப்பு என்றால் வேறிடத்துக்கு நகலெடுத்துக் கொண்டுபோகலாம் அல்லவா? கொண்டுபோகலாம். ஆனால் போன இடத்தில் அது எழுந்து நடக்குமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி இப்போது பலருக்கும் எழுந்திருக்கிறது. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளைத் தயாரிக்கும் விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டு, சந்தா முறை மட்டும் என்றானது. அதன்பின் பல நிறுவனங்கள் அதே வேலையைச் செய்யும் கேவிஎம் பக்கம் திரும்பின. கேவிஎம் 2007 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. பிராக்ஸ்மாக்ஸ் போன்ற மென்பொருள்கள் அதன்மேல் எழுந்தவை.

அண்மைக்கால லினக்ஸ் என்றால் இந்த இடமாற்றம் பெரும்பாலும் சிக்கலில்லாமல் முடியும். பழையது அப்படியல்ல. சென்ட்ஓஎஸ் 5 என்ற லினக்ஸை எடுத்துக்கொள்வோம். 2007-இல் வெளிவந்த அதற்கு 2017 மார்ச் 31-உடன் பராமரிப்பு முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட ஒன்றை விஎம்வேரிலிருந்து கேவிஎம்முக்கு மாற்றி இயக்கினால், கறுப்புத் திரையில் சில வரிகள் ஓடி, கடைசியில் 'கெர்னல் பேனிக்' என்று நின்றுவிடக்கூடும். பார்ப்பவர்கள் தரவே போய்விட்டது என்று பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை.

அந்தக் கடைசி வரி வெறும் விளைவு. காரணம் அதற்கு மேலே இருக்கிறது. மேலே பார்த்தால், டிஸ்க்கின் இடத்தை ஒன்றாகத் திரட்டி வைத்திருக்கும் 'வால்யூம் குரூப்' கிடைக்கவில்லை என்ற வரி தென்படும். அதாவது டிஸ்க்கே கெர்னலின் கண்ணில் படவில்லை. ஏன்? லினக்ஸ் தொடங்கும்போது, டிஸ்க்கை அணுகத் தேவையான டிரைவர்களை ஒரு சிறு தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சென்ட்ஓஎஸ் 5 அந்தத் தொகுப்பை உருவாக்கும்போது, அன்று கண்ட வன்பொருளுக்கு வேண்டியதை மட்டும் கட்டிவைக்கும். வெளியூருக்கு மாற்றலாகிப் போனவர் பழைய வீட்டுச் சாவியை மட்டும் கையில் வைத்திருப்பது போன்ற நிலை அது. வீட்டுச் சாமான்கள் அத்தனையும் பத்திரமாக உள்ளேயே இருக்கின்றன.

என்ன செய்யலாம்? முதலில், புதிய இடத்தில் டிஸ்க்கை, மெய்நிகர் கணினிகளுக்கென்றே உருவான விர்ட்டியோ வகையாக இணைக்காமல் பழைய ஐடிஇ வகையாக இணைத்துப் பார்க்க வேண்டும். பல கணினிகள் அதிலேயே எழுந்துவிடும். எழாவிட்டால் நிறுவல் குறுந்தட்டின் மீட்பு முறையில் உள்ளே போய், விர்ட்டியோ டிரைவர்களைச் சேர்த்து அந்த டிரைவர் தொகுப்பைப் புதிதாகக் கட்ட வேண்டும். சென்ட்ஓஎஸ் 5-இன் தொடக்க வெளியீடுகளின் கெர்னலில் விர்ட்டியோவே கிடையாது. அங்கே ஐடிஇதான் கைகொடுக்கும்.

கணினி எழுந்தபின் அடுத்த தடை வரும்: நெட்வொர்க் வேலை செய்யாது. நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றுக்கும் மேக் முகவரி என்ற அடையாள எண் உண்டு. பழைய கார்டின் எண் அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். புதிய கார்டின் எண் வேறாக இருப்பதால் கணினி அதைப் புறக்கணித்துவிடுகிறது. கோப்பில் எண்ணைத் திருத்தினால் பெரும்பாலும் போதும்.

மூன்றாவது தடை, தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழையும்போது வரும். இன்றைய எஸ்எஸ்ஹெச் மென்பொருள் பழைய, பலவீனமான குறியாக்க முறைகளை ஏற்பதில்லை. அந்த ஒரு கணினிக்கு மட்டும் விலக்குக் கொடுத்து நுழையலாம். ஆனால் அந்த மறுப்பு நியாயமானது என்பதை மறக்கக் கூடாது. சென்ட்ஓஎஸ் 5-உடன் வரும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளுக்கு, இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் 1.2 முறையும் தெரியாது. 2017-க்குப் பின் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளும் சென்ட்ஓஎஸ் 5-இல் அடைபடாமல் இருக்கின்றன.

இந்த மூன்று தடைகளுக்கும் அணுகுமுறை ஒன்றுதான். கணினி எழுவதில் ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் கடைசியாகச் சரியாக நடந்தது எது என்று கேளுங்கள். அதற்கு அடுத்த படியில்தான் கோளாறு இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மாற்றியதை எழுதிவையுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காமல், நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். அவசரத்தில் நான்கைந்து அமைப்புகளைச் சேர்த்து மாற்றினால், கணினி எழுந்தாலும் எதனால் எழுந்தது என்று தெரியாது. அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பழைய கணினி எழுந்துவிட்டது என்பதற்காக அதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. இணையத்துக்கு நேராக நிற்காதபடி ஃபயர்வாலுக்குப் பின்னால் வையுங்கள். உள்ளே இருக்கும் தரவையும் செயலியையும் பராமரிப்பு உள்ள ஒரு புதிய லினக்ஸுக்குக் கொண்டுபோக நாள் குறியுங்கள். அதை அன்று நிறுவியவர்கள் ஓய்வு பெறும் முன், அது என்ன செய்கிறது, எதை நம்பி ஓடுகிறது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். கோளாறை எந்த நிபுணரும் வந்து சரிசெய்யலாம். அந்தக் கணினி ஏன் அங்கே இருக்கிறது என்பதை அதை நிறுவியவர்களால்தான் சொல்ல முடியும்.