கார் கழுவுதலும் கொட்டகைத் தரையும்
(புனே நகரில் நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்கள் பேசிய இம்மேடையில், மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வே குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் அடியேனையும் பேசப் பணித்துள்ளீர்கள். இலக்கியம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆதலின் நம் காலனியில் ஞாயிறுதோறும் நடைபெறும் ஒரு காரியத்தைப் பற்றியே பேச விழைகிறேன். கார் கழுவுவதும், கார் நிற்கும் தரையைப் பேணுவதுமே அது.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் பழைய கார் ஒன்றை வாங்கினேன். எஞ்சினிலிருந்து துளித்துளியாக எண்ணெய் கசிந்தது. அதைப் பொருட்படுத்தாமல், ரப்பர் குழாயைத் திறந்துவிட்டு வண்டியைக் குளிப்பாட்டினேன். சோப்பு நீரும் எண்ணெயும் கலந்து வாசல்வரை பரவின. பண்டிகைப் பலகாரம் கொண்டுவந்த எதிர்வீட்டு அம்மையார் அதில் வழுக்கி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டுடன் இருந்தும் அவர் ஒரு கடுஞ்சொல் கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனை ஆயிற்று. அவர் அனுமதி பெற்றே இதைச் சொல்கிறேன். இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அதன்பின் கற்றவற்றைச் சொல்கிறேன். தரையில் எண்ணெய் சிந்தினால் உடனே நீர் ஊற்றலாகாது. நீர் எண்ணெயைப் பரப்புமேயன்றி நீக்காது. மரத்தூளையோ உலர்ந்த மணலையோ தூவி, ஓர் இரவு விட்டுப் பெருக்கி எடுக்க வேண்டும். எஞ்சிய கறையைச் சலவைச் சோடாவும் வெந்நீரும் இட்டு, முரட்டுத் தூரிகையால் தேய்க்கலாம். ஆசிட் ஊற்றினால் கறையோடு சிமெண்டும் அரிக்கப்படும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்தலாகாது, நச்சுவாயு எழும். பெட்ரோலால் தரையைத் துடைப்பதோ அதனினும் கொடிது. அதன் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து, எங்கோ உள்ள தீப்பொறியைத் தேடிப் பற்றும். கதவை அடைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டுவதும் கூடாது. மணமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரைக் கவர்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் மேலாக, கசிவை மெக்கானிக்கிடம் காட்டி அடைப்பதே முறை. அதுவரை வண்டியின் அடியில் ஒரு தட்டு வைக்கலாம்.

இனி நீர். பதினைந்து லிட்டர் வாளியை என் குழாய் ஒரு நிமிடத்தில் நிரப்பியது. இருபது நிமிடக் குளியலுக்கு 300 லிட்டர்! இப்போது இரண்டே வாளிகள். மொத்தம் 30 லிட்டர். ஒன்றில் சோப்பு நீர். மற்றொன்றில் துணி அலசும் நீர். வெயில் ஏறுமுன், நிழலில் கழுவ வேண்டும்; வெயிலில் சோப்பு உலர்ந்து கறை படியும். முதலில் புழுதியை நீரால் இளக்க வேண்டும். உலர்ந்த புழுதியைத் துடைத்தால் வண்ணத்தில் கீறல் விழும். கூரையில் தொடங்கிச் சக்கரத்தில் முடிக்க வேண்டும். சக்கரத்திற்குத் தனித்துணி வேண்டும். கழுவிய எண்ணெய் நீரை மழைநீர்க் காலுவாயில் விடலாகாது. அது சுத்திகரிக்கப்படாமலே ஆற்றைச் சேரும்.

இதில் என்ன பெரிய சிக்கனம் என்பீர்கள். 2016 ஏப்ரலில், நம் புனே கோட்டத்து மிரஜிலிருந்து வறட்சியுற்ற லாத்தூருக்குப் பத்து வாகன்களில் ஐந்து லட்சம் லிட்டர் நீர் ரயிலில் சென்றது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கும் அவ்வாறே ரயில் ஓடிற்று. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் வண்டி கழுவுவோர்க்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தனர். லாத்தூர் சென்ற அந்த முதல் வண்டியின் நீர், என் பழைய கணக்கில், ஏறத்தாழ 1,670 கார்களைக் கழுவியே தீர்ந்துபோகும்! சரக்குக் கணக்கு எழுதும் கை அல்லவா? இக்கணக்கைப் போட்ட அன்று கை நடுங்கிற்று.

அன்பர்களே! நம் கார் மின்னுவதை ஊரார் காண்பர். நம் வாசலில் அயலார் அச்சமின்றிக் கால் வைக்கிறார்களா என்பதே நம் இல்லத்தின் சிறப்பு. வரும் ஞாயிறன்று குழாயை மூடி, இரண்டு வாளிகளை எடுங்கள் என்று வேண்டி, என் சிற்றுரையை முடித்துக்கொள்கிறேன்.