எரிபொருள் குழாயின் மூட்டு

1912-ஆம் ஆண்டில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் அரிதாகவே, அவரது நிறுவனம் கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கலங்களைச் செய்து வண்டிகளுக்குப் பொருத்தியது. அவ்வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமும் மணமும் இல்லாத நஞ்சு அது. என்ஜின் ஓடுகையில், இளகிய மூட்டின் வழியே காற்று உட்புகுந்து வாயுவின் வலுவைக் குறைக்கும். நின்ற பிறகோ நஞ்சு வெளியே கசியும். குழாய் மூட்டை இறுகப் பொருத்துவது அன்று உயிர்காக்கும் வேலையாக இருந்தது.

பின்னர் டீசல் என்ஜின்கள் வந்தன. மூட்டின் அருமை மட்டும் குறையவில்லை. பழுது பார்த்தபின் டீசல் குழாயை மீண்டும் பூட்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? தேர்ந்த தொழிலாளர் முதலில் ஸ்பானரைத் தொடுவதில்லை. குழாயின் முனையை நேராக அமர்த்தி, நட்டை விரல்களாலேயே சில சுற்றுத் திருகுவார். கோணலாக ஏறிய நட்டை ஸ்பானரால் முறுக்கினால் மரை அழிந்துவிடும். கசிவைத் தடுப்பது மரையன்று. குழாயின் கூம்பு முனை தன் இருக்கையில் பதிவதே தடுக்கிறது. நட்டு அதனை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவே. அளவுக்கு மேல் முறுக்கினால் அந்தக் கூம்பு நசுங்கி, நிற்க வேண்டிய கசிவு பெருகும்.

பூட்டியும் வண்டி கிளம்பாமற்போவதுண்டு. 'ஏர் பிடித்துக்கொண்டது' என்பர் பணிமனையில். பாடநூற் சொற்களைவிட எனக்கு இதுவே பிடிக்கும். டீசல் எளிதில் சுருங்காது, காற்றோ சுருங்கும். குழாயில் சிறு குமிழி தங்கினாலும், பம்பின் உந்துதல் அதனைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. தெளிப்பானின் ஊசி எழும்புவதில்லை. ஆகவே காற்றுத் திருகை இளக்கி, கைப்பம்பை அடித்து, குமிழியின்றி டீசல் வரும்வரை காத்திருப்பர்.

ஆனால் இன்றைய புதிய என்ஜின்களில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஆயிரம் மடங்கையும் தாண்டும். ஓடும்போது அவற்றின் குழாய் நட்டை இளக்கலாகாது. கண்ணுக்குத் தெரியாத டீசல் தாரை தோலைத் துளைத்துவிடும். வெளியே ஊசி குத்திய அளவே காயம் தெரியும். உள்ளே பரவிய எண்ணெயால் விரலையே இழக்கவும் நேரும். கசிவை விரலால் தடவித் தேடாமல், அட்டைத் துண்டை எட்ட நீட்டிப் பார்ப்பதே வழக்கம். தாரை கையில் பட்டுவிட்டால், வலி இல்லையென்று வீட்டிற்குப் போகாமல், அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.