விளம்பரமும் வழக்கமும்

(அடி அண்ணாமலையில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோர் இவ்வூரை அடைந்ததும் பெரும்பாலும் நாடுவது தேநீரையே. நம் முன்னோர் வழிநடப்போருக்கு வழங்கியவை நீர்மோரும் பானகமுமாம். இம்மாற்றம் தானே நேர்ந்ததன்று, முயன்று உண்டாக்கப்பட்டது.

1903-ம் வருஷத்தில் ஏற்றுமதித் தேயிலையின்மீது சிறு தீர்வை விதித்துச் சட்டஞ் செய்தனர். அப்பணத்தைக் கொண்டு நாளடைவில் இத்தேசத்தாருக்கே தேநீர்ப் பழக்கம் ஊட்டப்பட்டது. ஜனங்கள் கூடுமிடங்களில் காய்ச்சிக் காட்டினர். தேசபாஷைகளில் விளம்பரப் பலகைகள் மாட்டினர். தோட்டங்களிற் பெரும்பாலன அக்காலத்தில் ஆங்கிலேயருடையவை. ஆயினும் 1947-ல் அன்னதா முன்ஷி தீட்டிய விளம்பரச் சித்திரம், இராட்டை சுற்றும் மாதொருத்தியைக் காட்டி, தேயிலை முற்றிலும் சுதேசியமென்று சாற்றிற்று. சரக்கு மாறவில்லை, அதற்கு உடுத்திய ஆடையே மாறிற்று.

தேநீரை நிந்திக்க நாம் வரவில்லை. கொழுந்து கிள்ளிய கைகளுள் தமிழர் கைகள் பலவன்றோ! நாம் வருந்துவது வேறு. பலகையில்லாத நீர்மோர் தாழ்ந்ததென்று நம் பிள்ளைகள் எண்ணத் தலைப்பட்டனர். கலியாணத்திலும் உடையிலும் இதுவே கதி: படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறோம், ஆசைப்பட்டுக் கடன்படுகிறோம்.

ஆதலின், கடன் வாங்குமுன், “இவ்விருப்பம் நம்முடையதா, பிறர் ஊட்டியதா?” என்று வீட்டிலுள்ளோர் ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக. வருங்கோடையில் நம் தண்ணீர்ப்பந்தலைச் சுத்தமாக நடத்தி, வாயிலில் அழகிய பலகையொன்றும் மாட்டுவோமாக. நல்லதற்கும் விளம்பரம் வேண்டியிருக்கிறது.