எது குடும்பக் கதை?



அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் ஒரு நாவல் 1939-இல் வந்தது. ஓக்லஹாமாவில் நிலத்தை இழந்த ஒரு விவசாயக் குடும்பம், தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கூலி வேலை தேடிக் கலிபோர்னியாவுக்குப் போகிற கதை. வறட்சி, கடன், கூலிக் குறைப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் அந்த ஜோட் குடும்பத்தின் கதை என்றுதான் அதை நாம் வாசிக்கிறோம். நம் மண்ணில் அதே மாதிரி ஒரு புத்தகம் வந்தால் மட்டும் 'கரிசல் இலக்கியம்' என்றோ 'தலித் இலக்கியம்' என்றோ ஒரு பெயர் சூட்டித் தனி அலமாரியில் வைத்துவிடுகிறோம். அந்தப் பெயர்கள் போராடிப் பெற்றவை. அவற்றில் எனக்குப் பெருமைதான். ஆனால் தமிழின் மிகச் சிறந்த குடும்ப நாவல்களும் இவைதான் என்பதை இந்த மேடையில் உரக்கச் சொல்ல விரும்புகிறேன்.

பூமணியின் 'வெக்கை' 1982-இல் வந்தது. தன் அண்ணனைச் சாகடித்த வடக்கூரான் என்பவனை, பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம் வெட்டிவிட்டு ஓடுகிறான். அந்த வெட்டு நாவலின் தொடக்கத்திலேயே முடிந்துபோகிறது. மிச்சமெல்லாம் என்ன? ஒரு தகப்பனும் மகனும் காட்டிலும் ஓடையிலும் ஒளிந்து திரிகிறார்கள். கிடைத்ததைப் பொங்கித் தின்கிறார்கள். எங்கே படுப்பது, ஆத்தாளும் தங்கச்சியும் எங்கே இருப்பார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். 2019-இல் 'அசுரன்' படமாக வந்தபோது வெட்டும் குத்தும் முன்னால் வந்து நின்றன. நாவலிலோ அந்தப் பேச்சுதான் உயிர். பழிவாங்கும் கதை என்று மட்டும் இதைச் சொல்பவர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

"கூலியும் சாதியும்தானே இந்தப் புத்தகங்களின் பொருள், குடும்பம் வெறும் பின்னணிதானே" என்று கேட்பவர்கள் உண்டு. நம் வட்டாரத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே என் பதில். வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா, 1994-இல் 'சங்கதி' எழுதினார். அதில் மைக்கண்ணி என்ற சிறுமி வருகிறாள். அம்மா பிள்ளை பெற்று வீட்டில் கிடந்தால் இவள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக வேண்டும். அம்மா எழுந்து வேலைக்குப் போனால் இவள் வீட்டிலிருந்து தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்க்க வேண்டும். அவளுடைய பாசமும் அவளுடைய கூலியும் வேறு வேறா? இரண்டு வருடம் கழித்து, 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும்; பிள்ளைக்குப் பதிலாக வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கு ஒரு வேலையை அரசு தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. வீட்டுக்கு வேறு வருமானம் இல்லாமல் பிள்ளையை மட்டும் விடுவிக்க முடியாது என்று நீதிபதிகள் கண்டதை, மைக்கண்ணியின் கதை அதற்கு முன்பே காட்டிவிட்டது.

இன்னொரு குறையும் சொல்கிறார்கள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், வாய்க்கு வந்தபடி வைகிற பெண்கள், இதையெல்லாம் பிள்ளைகள் படிக்கலாமா என்கிறார்கள். நியாயமான கவலை, ஒதுக்கித் தள்ள மாட்டேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு 'சங்கதி' வேண்டாம். ஆனால் பிளஸ் டூ படிக்கிற பெண் பிள்ளைக்கு அதில் தெரியாத சண்டை எதுவும் இல்லை. தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று கூனிக்குறுகி நிற்கிறவளுக்கு, அடி வாங்கியும் திருப்பிக் கேட்கிற பெண்களைப் பாமா காட்டுகிறார். சுத்தம் செய்த குடும்பக் கதை அவளுக்கு என்ன தரும்?

நூலகப் பொறுப்பாளர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 'வெக்கை'யையும் 'சங்கதி'யையும் குடும்ப நாவல்கள் இருக்கும் அலமாரியிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். பயராபீஸ் என்கிற பட்டாசு ஆலைகளின் விடுமுறை நாளில்தான் அங்கே வேலை செய்கிற தாய்மார்கள் வந்து பேச முடியும்.