எறிந்த மூட்டைக்கு எல்லோரும் பங்கு

  

குடும்பக் கப்பல் கரை சேர்வது விட்டுக்கொடுப்பதாலா, பகிர்ந்துகொள்வதாலா? 'விட்டுக்கொடுப்பதாலேயே' என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். ஐயா, சாத்தாங்காட்டுக்காரன்கிட்டயே வந்து கப்பலைப் பத்திப் பேசலாமா? (சிரிப்பு)

புயலில் கப்பல் மூழ்கப் போகிறது. பாரம் குறையச் சரக்கைக் கடலில் எறிகிறார்கள். அதற்குப் பெயர் 'ஜெட்டிசன்'. 'எறி' என்ற பொருளுள்ள லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கடலுக்குள்ளே நீட்டிக் கட்டுறோமே ஜெட்டி... சிரிக்காதீங்க, நான் கப்பல் வந்து நிக்கிற ஜெட்டியைச் சொல்றேன்! (பலத்த சிரிப்பு) அதுக்கும் அதே வேர்தான். யோனா கதை ராயபுரத்துப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். முதலில் சரக்கைத்தான் எறிந்தார்கள், பிறகுதான் யோனாவை.

சரி, மூட்டையைப் பறிகொடுத்தவன் தலையில் துண்டா? இல்லை. கி.பி. 533-இல் ஜஸ்டீனியன் பேரரசர் வெளியிட்ட ரோமானியச் சட்டத் தொகுப்பு, ரோட்ஸ் தீவின் கடல் சட்டம் என்று ஒன்றைச் சொல்கிறது: எல்லோருக்காகவும் எறிந்ததை எல்லோரும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும். நம் நாட்டின் 1963-ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்திலும் இந்தப் பொது இழப்புப் பங்கீடு உண்டு. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி நின்றதே 'எவர் கிவன்' கப்பல், அப்போதும் சரக்குக்காரர்கள் மீட்புச் செலவில் பங்கு தர வேண்டும் என்றுதான் அறிவித்தார்கள்.

இப்போ எங்க வீட்டுக்கு வரேன். அப்பாவுக்கு வேலை போச்சு. கப்பல் தத்தளிச்சுது. நாலு பிள்ளைகளில் அக்காவின் படிப்பைத்தான் தூக்கி எறிந்தோம். எட்டாவதோட நின்னு, கம்பெனி வேலைக்குப் போச்சு. தம்பிகள் மூணு பேரும் டிகிரியோட கரையேறினோம். மேடைக்கு மேடை 'என் அக்கா தியாகி'ன்னு பேசி நான் கைதட்டல் வாங்குறேன். ஒருநாள் அக்கா கேட்டுச்சு: "கைதட்டல் உனக்கு வருது தம்பி. எனக்கு என்னடா வந்துது?"

எனக்குப் பதில் வரவில்லை, நடுவர் அவர்களே.

இன்றைக்கு அக்கா மகளின் நர்சிங் படிப்புச் செலவு எங்க மூணு பேர் பங்கு. இதுக்குப் பேர் உதவி இல்லீங்க, பாக்கி! (கைதட்டல்)

விட்டுக்கொடுத்தவரைப் புகழ்வது சுலபம். அந்த இழப்பில் பங்கு கொடுத்தால்தான் குடும்பம் குடும்பமாக இருக்கும். நல்ல தீர்ப்பு வேண்டி விடைபெறுகிறேன்.